பத்துக்குப் பத்துப் பொருத்தம்

"உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை டாக்டர்," என்றான் வர்த்தமான்.

"அக்கா, தங்கச்சி? கல்யாணமாகி வெளியூர்ல இருந்தாக்கூடப் பரவால்ல."

"ஒருத்தரும் இல்லை. நான் ஒரே பிள்ளை."

நான்கு மாதம் ஆன பிறகும் ஜனனிக்கு இந்தப் பேச்சு ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. அன்று சென்னை மருத்துவமனையில் கணவனுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். 'உடன்பிறந்தோர் இல்லை' என்று டாக்டர் கோப்பில் எழுதியதையும் பார்த்தாள். அதே நேரத்தில் ஐயம்பேட்டையில், அவர்கள் வீடு இருக்கும் காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷத் தொலைவில், வர்த்தமானின் சொந்த அக்கா இந்திரா நல்ல ஆரோக்கியத்தோடு துணி உலர்த்திக்கொண்டிருந்திருப்பாள்.

வியாதியின் பெயர் நீளமானது. வர்த்தமானின் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டது. தறி இருக்கிறது, பாவு நூல் தீர்ந்துவிட்டது என்று ஜனனி தனக்குத் தெரிந்த வகையில் புரிந்துகொண்டாள். வேறொருவரின் ஸ்டெம் செல்லை எடுத்து அவன் நரம்பில் ஏற்றினால், அது தானே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறி, மறுபடி ரத்தம் செய்யத் தொடங்கும். ஆனால் எல்லாருடையதும் சேராது. பத்து அடையாளங்களைப் பார்ப்பார்கள். பத்துக்குப் பத்துப் பொருந்தினால் நல்லது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களிடம் அது கிடைக்க நாலில் ஒரு வாய்ப்பு. வெளியாட்களிடம் என்றால் ஆயிரக்கணக்கில் தேட வேண்டும், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வீடு திரும்பும் காரில் ஜனனி மெல்லக் கேட்டாள். "ஏங்க, அண்ணி இருக்காங்களே?"

"அப்பா தலைமுழுகிட்டாரு. அவர் தலைமுழுகினவங்கள நான் எப்படி உயிரோட கொண்டாறது?"

"இப்ப உயிரோட கொண்டாற வேண்டியது உங்களத்தான்."

வர்த்தமான் கண்ணை மூடிக்கொண்டு சுங்குவார்சத்திரம் வரை தூங்குவது போல நடித்தான்.

இந்திரா செய்த குற்றம் ஒன்றே ஒன்று. இருபது வருஷத்துக்கு முன்னால், கல்லூரிப் பேருந்தில் தினமும் தனக்கு இடம் பிடித்து வைத்த பழனியைக் கல்யாணம் செய்துகொண்டாள். பழனி நல்லவன், படித்தவன், சிரித்த முகம். ஆனால் முசரவாக்கத்தில் அவன் குடும்பத்துக்கு இருந்த தொழில் கோழிப்பண்ணை. தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் சமண வீட்டுப் பெண், நாலாயிரம் பிராய்லர் கோழிகளுக்கு எஜமானி ஆனாள். அப்பா குளத்துக்குப் போய் முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். அவர் இறந்தபோது கூட மகளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பாதவன் வர்த்தமான்.

டாக்டர் சொன்னதை அலச, வீட்டில் உறவினர் கூட்டம் கூடியது. தலைமை வகித்தவர் பெரியப்பா பார்சுவநாதன். சமூகத்தின் மாத இதழில் முப்பது வருஷமாக மணமகன், மணமகள் தேவைப் பகுதியை எழுதி வருபவர். சமணக் கணக்கில் ஒரு உயிரணுவுக்கு எத்தனை புலன் என்பதில் முதல் ஒரு மணி நேரம் போயிற்று.

"கருவுலேர்ந்து எடுக்கறாங்களாமே. யூடியூப்ல பார்த்தேன். அது பாவமில்லயா?" என்றார் ஒரு மாமா.

"அது வேறங்க," என்றாள் ஜனனி. "இது வளந்த ஆளுங்க ரத்தத்துலேர்ந்து எடுக்கறது. அஞ்சு நாள் ஊசி போட்டு, மெஷின்ல விட்டுப் பிரிச்சு எடுப்பாங்க. கொடுக்கறவங்களுக்கு உடம்பு வலி இருக்கும், ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். யாரையும் கொல்ல மாட்டாங்க."

"அப்ப கருவுலேர்ந்து எடுத்தா பாவம்தானே?"

"எடுக்கலங்களே."

"எடுத்தா?"

யாரும் எடுக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு கருவுக்காக அன்று எல்லோரும் மனம் வருந்திக் கலைந்தார்கள். கூடத்துச் சோபாவில் வெளுத்துப்போய்ச் சாய்ந்திருந்தவனுக்காக வருந்தப் பொழுது போதவில்லை. சூரியன் சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே.

மறுநாள் பெரியப்பா தன் கைப்பட எழுதிய விளம்பரம் சமூகத்தின் வாட்ஸப் குழுக்களில் எல்லாம் வந்தது. 'தேவை: நம் சமூகத்தைச் சேர்ந்த, 18 முதல் 50 வயதுக்குட்பட்ட, நற்குணமுள்ள ஸ்டெம் செல் கொடையாளர். கிழங்கு, வெங்காயம், பூண்டு தவிர்ப்பவராகவும், பொழுது சாயுமுன் உணவு முடிப்பவராகவும் இருத்தல் நலம். நோயாளி: வயது 42, சொந்த வீடு, காந்தி ரோட்டில் ஜரிகைக் கடை, கௌரவமான குடும்பம். பொருத்தம் அவசியம்.'

மூன்று நாளில் பத்தொன்பது பேர் அழைத்தார்கள். பதினான்கு பேர், பையனுக்கு இது முதல் தாரமா என்று விசாரித்தார்கள். வந்தவாசியிலிருந்து ஒருவர் பெண்ணின் ஜாதகத்தையே அனுப்பிவிட்டார். பெரியப்பா அதையும் விடாமல் கணித்துப் பார்த்து, "ஒம்பது பொருந்துது, ரஜ்ஜு தட்டுது," என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

கல்யாண மண்டபத்தில் முகாம் வைத்து பொருத்தம் பார்க்க நாற்பது பேரின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. கலப்பு ஜரிகையைச் சுத்த ஜரிகைக்குப் பக்கத்தில் வைத்து, வாங்குபவர் கேட்டால் மட்டும் உண்மை சொல்லும் வர்த்தமான், தனக்கு வரும் செல் மட்டும் சுத்தமானதாக இருக்க வேண்டும் என்று காத்திருந்தான்.

இதற்கிடையில் வாரா வாரம் அவனுக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஏற்ற வேண்டியிருந்தது. அதைக் கொடுப்பவர் சென்னைக்குப் போய் இரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நற்குணமுள்ளவர்களுக்கு வேலை இருந்தது. ஒருவருக்குக் கடை, ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு ஊசி என்றால் மயக்கம். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் யாரோ வாட்டசாட்டமான இரண்டு இளைஞர்கள் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ரத்த வங்கியின் ஏற்பாடு என்று வர்த்தமான் நினைத்துக்கொண்டான்.

ஏற்பாடு ஜனனியுடையது. முதல் வாரமே அவள் ஐயம்பேட்டைக்குப் போன் செய்துவிட்டாள். கணவனை மீறி அண்ணியின் ஸ்டெம் செல்லைக் கேட்கும் தைரியம் மட்டும் அவளுக்கு வரவில்லை. பழனி இப்போது ஒன்றியக் கவுன்சிலர். அவன் சொன்னால் முசரவாக்கத்துக் கட்சிப் பையன்கள் எங்கே வேண்டுமானாலும் வருவார்கள். வந்தார்கள், கையை நீட்டினார்கள், கொடுத்துவிட்டு எதிர்க் கடையில் ஆளுக்கு ஒரு பிளேட் சிக்கன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். நாலு மாதத்தில் முப்பது பேர். சுத்த சைவக் கொடையாளருக்காக வர்த்தமானை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது முசரவாக்கம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பையன்களுக்கெல்லாம் மாவட்ட மாநாடு. வேறு ஆள் கிடைக்காமல் இந்திராவே பஸ் ஏறினாள். ரத்த வங்கியில் கொடுத்த படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் அக்கா என்று எழுதினாள். அவ்வளவுதான், ஊசியோடு வந்த பெண் நின்றுவிட்டாள். கூடப்பிறந்தவர் ஸ்டெம் செல் கொடுக்கக்கூடியவர், அதற்கு முன்னால் அவர் ரத்தம் நோயாளிக்குப் போகக்கூடாது என்று மேலே போன் போயிற்று.

டாக்டர் வர்த்தமானின் படுக்கைக்கே வந்தார்.

"சார், ஃபைல்ல உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க இல்லைனு இருக்குது. கீழ ஒரு அம்மா உட்காந்திருக்காங்க. உங்க மூக்கு அப்படியே அவங்களுக்கு இருக்குது."

"அது எங்க குடும்ப வழக்கப்படி இல்லை டாக்டர்."

"எங்க லேபுக்கு அந்த வழக்கம் தெரியாதுங்களே," என்றார் டாக்டர். "நாலு மாசமா உலகம் பூரா தேடிக்கினு இருக்கோம்."

அன்றே இந்திராவின் கன்னத்தைத் துடைத்து எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. பத்துக்குப் பத்து.

கொடையாளர்களிடம் தனியாகப் பேசுவதற்கு மருத்துவமனையில் சுகாசினி என்றொரு ஆலோசகர் இருந்தார். விருப்பமில்லாவிட்டால் சொல்லிவிடலாம், காரணத்தை வெளியே சொல்ல மாட்டோம் என்று இந்திராவிடம் விளக்கினார். உங்களை யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்றும் கேட்டார்.

"கட்டாயப்படுத்தணும்னா பேசணுமேம்மா," என்றாள் இந்திரா. "அவன் என்னாண்ட பேசி இருபது வருஷம் ஆவுது. அவன் வாயால கேக்கட்டும், அப்புறம் கையெழுத்து போடறேன்."

"இதை நிபந்தனைன்னு எழுதிக்கட்டுமா?"

"ஆசைன்னு எழுதிக்க."

சுகாசினி ஜனனியைக் கூப்பிட்டு அந்த ஆசையைச் சொன்னார். இந்தச் சிகிச்சைக்கான படுக்கையை வெள்ளிக்கிழமை வரைதான் ஒதுக்கி வைக்க முடியும். தட்டணுக்களும் முன்பு போல நிற்கவில்லை. இனி வர்த்தமானுக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலே ஆபத்து.

புதன்கிழமை மாலை வர்த்தமானும் ஜனனியும் பெரியப்பாவும் ஐயம்பேட்டைக்குக் கிளம்பினார்கள். வர்த்தமான் இரட்டை முகக்கவசம் போட்டுக்கொண்டான். பெரியப்பா பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, ஒரு தட்டில் பூ, பழம், மஞ்சள் எல்லாம் அடுக்கி எடுத்து வந்தார். பெண் கேட்கப் போவதைத் தவிர வேறு எந்தக் கேட்டலும் அவருக்குப் பழக்கமில்லை.

பழனி வாசலில் எட்டி நின்றான். "வா மச்சான். இன்னா இப்பிடி எளச்சிட்ட. பண்ணைலேர்ந்து வந்து குளிச்சிட்டேன், ஆனாலும் தள்ளியே நிக்கறேன். மாஸ்க்க கழட்டாதே."

இந்திரா நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். தம்பியை ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். மழையைப் பற்றிப் பேசினார். மாகறல் சாலை மோசமாக இருப்பதைப் பற்றிக் கவுன்சிலரிடம் முறையிட்டார். பிறகு தட்டை நகர்த்தி வைத்தார்.

"இந்த விஷயம் கூடி வந்தா ரெண்டு குடும்பத்துக்கும் நல்லதுன்னு பெரியவங்க அபிப்பிராயம். நம்ம பக்கத்துல சின்னதா ரெண்டு எதிர்பார்ப்பு இருக்குது. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நாப்பது நாள் நீ கிழங்கு வகை தொடாம, பொழுதோட சாப்ட்டு முடிச்சா, செல்லு கொஞ்சம் சுத்தமாவும்."

பழனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பெரியவரே, இவ இந்த வீட்டுக்கு வந்த நாளா அஞ்சரைக்கு மேல பச்சத் தண்ணிகூடக் குடிச்சதில்ல. எனக்கு ஒரு அடுப்பு, அவளுக்கு ஒரு அடுப்பு. அவ அடுப்பாண்ட என்னையே வுட மாட்டா. முட்ட பொரிச்ச கையோட நான் தண்ணி மொண்டா குடத்தையே கவுத்துடுவா."

ஜனனி கணவனைப் பார்த்தாள். சென்னைக்குச் சரக்கு வாங்கப் போகும்போதெல்லாம் மசால் தோசையை உருளைக்கிழங்கு சிந்தாமல் சாப்பிட்டு முடிப்பவன் இப்போது முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டான்.

பெரியப்பா அசரவில்லை. "சந்தோஷம். இன்னொண்ணு. செல்லு ஏத்தினப்புறம் இவன் ரத்த வகையே உன்னுதா மாறிடுமாம். அப்ப இவன் எந்த வம்சம்னு ஒரு கேள்வி வருதில்ல?"

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதான் பெரியப்பா. உங்க கூடப்பிறந்த தம்பி," என்றாள் இந்திரா. "அவரும் உங்க கணக்குல இல்லையா?"

பெரியப்பா வாழைப்பழத்தைத் தட்டில் திருப்பி வைத்தார். ஜனனி எழுந்தாள். "மாமா, சாலையப் பத்திச் சொன்னீங்களே, அண்ணனாண்ட வெளிய போய் ஒழுங்கா சொல்லுங்க வாங்க," என்று அவரைக் கையைப் பிடித்து எழுப்பினாள். பழனியும் புரிந்துகொண்டு முன்னால் நடந்தான். அவள் மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டாள். உள்ளே பேசுவது அவளுக்குக் கேட்டது.

"டாக்டர் சொன்னாரு," என்று ஆரம்பித்தான் வர்த்தமான்.

"அவராண்ட நானே பேசிட்டேன்."

"ஜனனி ரொம்ப பயந்துக்கினு இருக்கா."

"அவ தினமும் போன்ல அழறா. தெரியும்."

"பசங்க ரெண்டு பேரும் சின்னப் பசங்க."

"பாத்ததில்ல. ஃபோட்டோல பாத்திருக்கேன். உனக்கு இன்னாடா வேணும்?"

தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ ஆளிறக்கிவிட்டுப் போயிற்று. பெரியப்பா சாலையின் பள்ளங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனனி கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள். இந்த மனுஷன் வாய் திறக்காமலே செத்துப்போவான் என்று முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வர்த்தமான் எழுந்து நின்றிருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக இந்திராவை நேராகப் பார்த்தான்.

"எனக்குச் சாவ பயமா இருக்குதுக்கா," என்றான். "உன்னுத எனக்குக் குடு."