துண்டு மூடாத விலை

சாலை என்கிற பஜாரில் மிளகாய் மண்டி நடத்த, தும்மாத மூக்கும் ஏமாறாத மூளையும் வேண்டும். சரோஜத்துக்கு இரண்டும் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: துண்டுக்கடியில் நீட்டக்கூடிய கை.

அந்தத் தெருவில் மொத்த விலையை அன்றைக்கும் பழைய ஆட்கள் வாயால் சொல்வதில்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்தும் மடக்கியும் பேரம் முடியும். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். ஆளுக்கொரு விலை என்று இருக்கும்போது அப்படித்தானே செய்ய முடியும்? ஆனால் கணவர் போன பிறகு கடையில் வந்து உட்கார்ந்த சரோஜம், ஊர் ஆண்களின் விரலையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் கணவர் காலத்திலிருந்தே கடையில் இருந்த பிச்சையாதான் அவளுக்குக் கையானார். விலையை அவர் காதில் அவள் சொல்வாள். அவர் விரலால் பேசி முடிப்பார்.

இப்படி ஒன்பது வருஷம் இரவல் கையால் வியாபாரம் செய்தவளுக்கு, 2007-இல் சொந்தமாக ஒரு வெப்சைட் வந்தால் எப்படி இருக்கும்! அனூப் என்ற பையன்தான் செய்து கொடுத்தான். பையன் என்ன பையன், முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நெடுமங்காடு, ஆற்றிங்கல், நெய்யாற்றின்கரைக் கடைக்காரர்கள் தங்கள் பெயரையும் ரகசிய வார்த்தையையும் அடித்து உள்ளே போனால் அவரவர் விலை மட்டும் அவரவருக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு மிளகாய், மல்லி, மஞ்சள் என்று சரோஜமே தட்டி ஏற்றுவாள். யார் விரலும் வேண்டாம். ஃபோனில் யார் விலை கேட்டாலும், "வெப்சைட் இருக்குல்லா, அதுல பாருங்க" என்பாள். பால்காரரிடம் மட்டும்தான் அவள் அப்படிச் சொல்லவில்லை.

சந்தோஷம் ஓணம் வரைக்கும் நின்றது. ஓணம் கழிந்த வாரம் நெடுமங்காட்டுப் பத்மகுமார் கூப்பிட்டார்.

"அக்கா, ஒண்ணும் நினைக்கண்டாம். ரெஜி கால் ரூபா குறைச்சுத் தாறாரு. ஞான் அங்க எடுத்துட்டேன்."

ரெஜி மூன்று கடை தள்ளிப் புதிதாக மண்டி போட்டவன். கம்ப்யூட்டர் படித்துவிட்டு மிளகாய்க்கு வந்தவன். பத்மகுமாரோடு நிற்கவில்லை, அடுத்து ஆற்றிங்கல், அதற்கடுத்து நெய்யாற்றின்கரை. எல்லோருக்கும் அவரவர் விலையிலிருந்து சரியாகக் கால் ரூபாய் குறைவு. அரை ரூபாயும் இல்லை, ஒரு ரூபாயும் இல்லை. குருட்டாம்போக்கில் எறிந்த கல் ஒரு தடவை மாங்காயில் படும், தினமுமா படும்? விலை யார் வாயிலிருந்தோ போகிறது. எல்லோர் விலையும் தெரிந்தவர்களோ கடையில் இரண்டே பேர். அவள் ஒருத்தி. இன்னொருவர் பிச்சையா.

வெப்சைட் வந்ததிலிருந்து பிச்சையாவின் துண்டு மடிப்புக் கலையாமல் தோளிலேயே கிடந்தது. அந்த வருத்தத்தில் எங்கேயாவது வாய் தவறியிருப்பாரோ? வேலியே பயிரை மேய்கிறதோ? நினைத்த மாத்திரத்தில் சரோஜத்துக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதமும் கடையைத் தாங்கிய மனிதர். வியாபாரம் போனால் இன்னொன்று பிடிக்கலாம், அண்ணாச்சி போனால் எங்கே பிடிப்பது? ஆனாலும் சந்தேகம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்தினாள். பதினோரு மணிக்குச் சேர்ந்து குடிக்கிற சாயாவைத் தனியாகக் குடித்தாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சோதனை வைத்தாள். வெப்சைட்டில் நெடுமங்காட்டுக்கு மல்லி நாற்பத்திரண்டு என்று ஏற்றினாள். பிச்சையாவிடம், "பத்மகுமாருக்கு மல்லி முப்பத்தொம்பது போட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றாள். அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

மறுநாள் பத்மகுமாருக்கு அவளே ஃபோன் போட்டாள். "ரெஜி என்ன விலை சொன்னாரு?"

"நாப்பத்தொண்ணே முக்கால்."

வெப்சைட் விலையிலிருந்து கால் ரூபாய்! பிச்சையாவுக்குச் சொன்ன விலையை ரெஜி தொடவேயில்லை. ஃபோனை வைத்துவிட்டு சரோஜம் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். கண் கலங்கினால் காரணம் கேட்க மாட்டார்கள் என்பது மிளகாய் மண்டியில் ஒரு வசதி.

அப்படியானால் ஓட்டை வெப்சைட்டில்தான். அவள் கூப்பிட்டு அன்று மதியமே அனூப் வந்தான். தெருவுக்கே ஒரு கேபிள்காரர்தான் இன்டர்நெட் வயர் இழுத்திருந்தார். அந்த ஒற்றை வயரில் ரெஜியின் கடையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கடைகள் தொங்கின. அனூப் தன் லேப்டாப்போடு அடுத்த வாசலில் இருந்த சாக்குக் கடைக்குப் போய், அங்கிருந்த இணைப்பைச் சொருகிக்கொண்டான்.

"சேச்சி, ஏதெங்கிலும் விலை மாத்துங்க!" என்று அங்கிருந்தே கத்தினான்.

சரோஜம் தட்டினாள். கை எடுப்பதற்குள் சாக்குக் கடையிலிருந்து குரல் வந்தது. "ஆற்றிங்கலுக்கு மிளகாய் ஐம்பத்தெட்டே கால். மஞ்சள் நாப்பத்தாறு. பின்னே சேச்சியுடெ ரகசிய வார்த்தையும் வந்துட்டு, உரக்க வாசிக்கட்டா?"

"வேண்டாம்டே!" என்று இங்கிருந்து அலறினாள். தெருவில் மூட்டை சுமந்து போன சுமட்டுக்காரர் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

அனூப் வந்து விளக்கினான். "நீங்க அடிக்கது அப்படியே வெறும் எழுத்தா வயர்ல போகுது. அதே வயர்ல இருக்க ஆரும் வாசிக்கலாம். பூட்டு போட்டா, பாக்கவனுக்குக் குழம்பின எழுத்துதான் தெரியும். உங்க கம்ப்யூட்டருக்கும் வெப்சைட்டுக்கும் மட்டும் வெளங்கும்."

பக்கத்தில் நின்ற பிச்சையா மெல்லச் சொன்னார். "அப்போ இத்தனை நாளும் துண்டு இல்லாம விரலைப் பிடிச்சிருக்கோம்."

"அதே அண்ணாச்சி, அதுதான் காரியம்!" என்றான் அனூப். பிறகு சரோஜத்தின் பக்கம் திரும்பினான். "ஞான் முதல்லயே எழுதியிருந்தேனே சேச்சி. நீங்கதான் வெட்டுனீங்க."

வாஸ்தவம். அனூப் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் அந்தப் பூட்டுக்கு வருஷத்துக்கு மூவாயிரம் என்று ஒரு வரி இருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா என்று பேனாவால் ஒரே கோடு இழுத்தவள் அவள்தான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசி வரியை வெட்டாமல் விட்டால் சாலைக்காரர்களுக்குச் சோறு இறங்காது. ஒன்பது வருஷம் துண்டின் அருமை தெரிந்து வியாபாரம் செய்தவள், தன் விலையைத் தானே அம்பலத்தில் வைத்திருந்தாள்.

பேரம் பேசாமல் அவள் பணம் கொடுத்தது அன்றைக்குத்தான். நாலாம் நாள் வெப்சைட்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பூட்டுப் படம் வந்து உட்கார்ந்தது. எல்லோருக்கும் ரகசிய வார்த்தையையும் மாற்றிக் கொடுத்தான் அனூப்.

அந்த வாரம் முழுக்க ரெஜியின் விலைகள் குடிகாரன் நடை மாதிரி ஏறி இறங்கின. வெள்ளிக்கிழமை அவனே வாசலில் வந்து நின்றான். "அக்கா, உங்க சைட்டுல எதாவது மாத்துனீங்களோ?"

"நீ எதுக்குடே அதைப் பாக்க?" என்றாள் சரோஜம்.

ரெஜி வந்த வழியே திரும்பி நடந்தான். எதிர்ச் சாயாக் கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு பஜார் முழுக்கக் கேட்டிருக்கும். திங்கட்கிழமை பத்மகுமார் வெப்சைட்டில் இருபது மூட்டைக்கு ஆர்டர் போட்டார்.

எல்லாம் சுபம் என்று இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் அந்த முப்பத்தொன்பது ரூபாய் சரோஜத்தைத் தூங்கவிடவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு சாயா சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் சொல்லணும். அன்னைக்கு மல்லி முப்பத்தொம்பதுன்னு சொன்னேன்லா? அது பொய்."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"நமக்குக் கொள்முதலே நாப்பதுல்லா. அதுக்குக் கீழ நீங்க எப்படிப் போடுவீங்க? என்னைச் சோதிச்சுப் பாக்கத்தான் சொல்லுதீங்கன்னு அப்பவே வெளங்கிச்சு."

"பின்ன ஏன் அண்ணாச்சி ஒண்ணும் கேக்கல்ல?"

பிச்சையா தம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டா, சந்தேகப்பட்டது ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச காரியமாயிரும். அப்புறம் நீங்க எப்படி என் முகத்தைப் பாப்பீங்க? எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருந்துட்டுப் போகட்டும்னு வச்சேன்."

அவளால் அவரைப் பார்க்க முடியவில்லை. பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் அவரை உட்காரச் சொன்னாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தன் புது ரகசிய வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.

பிச்சையா பதறி எழுந்தார். "அய்யோ, வேண்டாம்மா. அதை வேற யாருக்கும் சொல்லப்பிடாதுன்னு அனூப் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கு!"

"ஆமா, சொல்லிச்சு" என்று அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள் சரோஜம். "வேற யாருக்கும்னுதானே சொல்லிச்சு. நீங்க வேற ஆளா அண்ணாச்சி?"