அண்ணாச்சி கடை ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜ் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சகாயராணி கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. "தண்ணி வந்துட்டு ராணி, செத்த நேரம் கடையப் பாத்துக்க" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு சங்கரேஸ்வரி இப்போதுதான் ஓடினாள். அவள் புருஷன் ஞானதுரை அண்ணாச்சி கடைக்கு மேலே பரணில் படுத்திருந்தார். இரும்பு ஏணி வழியாக அவருடைய குறட்டை இறங்கி வந்துகொண்டிருந்தது.

கதவின் உள்தட்டில், தயிர் கப்புகளுக்கும் பால் பாக்கெட்டுகளுக்கும் நடுவே, இரண்டு சின்ன வெள்ளை பாட்டில்கள். ஒரே உயரம், ஒரே மூடி. ஒன்றின் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்டு, மற்றதில் பச்சை. சிவப்பு அண்ணாச்சியின் கண்ணுக்கு. பச்சை சகாயராணியின் புருஷன் தனசீலனின் கண்ணுக்கு.

இரண்டையும் எடுத்தாள். சிவப்பைக் கழற்றினாள். பச்சையைக் கழற்றினாள். விரல் ஈரத்தில் ரப்பர் வழுக்கியது. மாற்றி மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள். கர்த்தரே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இந்த நேரத்தில் அவரைக் கூப்பிட அவளுக்குப் பயமாக இருந்தது.

தாராவியில் அந்தச் சந்தில் இரண்டு ஆண்களுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் கண் போனது. உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரிக்கும்போது சணல் நார் ஒன்று அண்ணாச்சியின் வலது கண்ணில் அடித்தது. இடது கண் அவருக்குப் பிறந்ததிலிருந்தே மங்கல். ஆள் நிற்கிறது தெரியும், யார் என்று தெரியாது. தனசீலனுக்கு மரப்பெட்டி உடைக்கிற கோடவுனில் வேலை. மரச் சிம்பு தெறித்து இடது கண்ணில் பட்டது. தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அன்றும் வேலை பார்த்தான், மறுநாளும் பார்த்தான். கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்த பிறகு அண்ணாச்சிதான் பிடித்து இழுத்துப் போனார். "நானும் செம்பூர் பக்கம் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். எந்திரியும் தம்பி. கண்ணு என்ன கடைல விக்கிற சாமானா, இன்னொண்ணு எடுத்துப் போட?"

இருவருக்கும் கருவிழியில் பூஞ்சை என்றார் டாக்டர் விஜயலட்சுமி. மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அந்த நோய்க்கு ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம். கையெழுத்து வாங்கும் முன் அவர் நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டு விதமான மருந்து. ஒண்ணு ரொம்ப வருஷமா குடுத்துண்டிருக்கறது, இன்னொண்ணு புதுசு. யாருக்கு எது போறதுன்னு எனக்கே தெரியாது. பாட்டில்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். எது நன்னா கேக்கறதுன்னு கண்டுபிடிக்கத்தான் இத்தனையும். புரியறதா?"

"டாக்டரம்மாவுக்கே தெரியாதத நாங்க தெரிஞ்சி என்ன செய்யப்போறோம்? போடுங்க" என்றார் அண்ணாச்சி.

எல்லாருக்கும் புரிந்தது. சகாயராணிக்கும் புரிந்தது. ஒன்று நல்லது, ஒன்று அவ்வளவு நல்லதில்லை. அவளுக்குப் புரிந்தது அதுதான்.

மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். தனசீலன் குடியிருந்த அறையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. "நம்ம கடைல ஐஸ்க்ரீம் இருக்கலாம், மருந்து இருக்கப்படாதா?" என்று அண்ணாச்சி சிரித்தார். குளிரில் பாட்டில் வியர்த்து நம்பர் தெரியாமல் போகிறது என்று பால் பாக்கெட் கட்டுகளில் கிடந்த ரப்பர் பேண்டுகளை எடுத்து மாட்டியவள் சங்கரேஸ்வரி. மணிக்கொரு தடவை இரண்டு பெண்களும் அந்த ஃப்ரிட்ஜ் முன்னால் வந்து நின்றார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, பாட்டிலைக் குலுக்குவது, சொட்டு விடுவது, திரும்பக் கொண்டுவந்து வைப்பது. அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் அது தவறவில்லை.

அண்ணாச்சிக்கு மருந்து கேட்டது. கருவிழியிலிருந்த வெள்ளைப் புள்ளி சுருங்கியது. பிஸ்கட் பாக்கெட்டில் விலையைத் தானே படித்துவிட்டுச் சந்துக்கே கேட்கும்படி கத்தினார். தனசீலனுக்குக் கேட்கவில்லை. அவன் கண்ணில் வெந்த சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல் இருந்த வெள்ளை அப்படியே இருந்தது. முதல் செக்கப்பில் டாக்டர், "சிலருக்கு மெதுவாத்தான் ஆறும். இப்பவே எதுவும் சொல்றதுக்கில்லை" என்றார். வீட்டுக்கு வந்து அவன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். சாயங்காலம் நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"ஏட்டி, ட்யூப்லைட்டு போட்டிருக்கியா?"

ட்யூப்லைட் அவன் தலைக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்தது. சகாயராணி சுவிட்சை அணைத்துவிட்டு, மறுபடி போட்டாள். "இப்ப போட்டுட்டேன்" என்றாள்.

அதற்கு மறுநாள்தான் தண்ணீர் வந்து சங்கரேஸ்வரி குடத்தோடு ஓடியதும், ரப்பர் பேண்டுகள் இடம் மாறியதும்.

அண்ணாச்சிக்குத்தான் ஆறிவிட்டதே, இனி எந்த மருந்தாக இருந்தால் என்ன, மிச்சம் தானாக ஆறிவிடும் என்று சகாயராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பகலில் அது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சங்கரேஸ்வரி சிவப்பு ரப்பர் பேண்டு போட்ட பாட்டிலோடு ஏணியில் ஏறும்போது, ஏணிப் படி ஒவ்வொன்றும் கிரீச்சிடுவதை அவள் எண்ணினாள். "மேல பாருங்க. அசையாதிய. இன்னும் ஒரு சொட்டு." அந்தக் குரல் வந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அண்ணாச்சி வலி என்று சொல்கிறாரா? சொல்லவில்லை. ஒருநாள் தும்மினார். அதற்கே சகாயராணி ஏணியடிவரை ஓடிப்போய் நின்றாள்.

சங்கரேஸ்வரி மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வெள்ளியில் கண்மலர் வாங்கிவந்தாள். இரண்டு ஜோடி. நகத்தளவு வெள்ளித் தகட்டில் இமையும் விழியும் வரைந்திருந்தது.

"இருக்கன்குடி அம்மனுக்கு நேந்திருக்கேன். தம்பிக்கும் சேத்துத்தான்."

"நாங்க வேதக்காரவ யக்கா."

"இருந்துட்டுப் போங்க. அதுக்காவ கண்ணும் வேதக்காரக் கண்ணா?" என்று சிரித்தபடி ஒரு ஜோடியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். "கோயிலுக்குப் போற வரைக்கும் நீயே வச்சிக்க. தொலைச்சிராத."

சகாயராணி அதைப் பைபிளுக்குள் வைக்கப் பார்த்தாள். மனம் வரவில்லை. அரிசி டப்பாவில் போட்டாள். அளக்கும்போதெல்லாம் அந்தக் கண்கள் அரிசிக்குள்ளிருந்து மேலே வந்தன.

சில நாள் போனது. ஒரு மத்தியானம் தனசீலன் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு மல்லாந்து கிடந்தவன் திடீரென்று சொன்னான்: "ராணி, ட்யூப்லைட்டுக்குப் பக்கத்துல பல்லி போவுது பாரு."

அவள் அழுதாள். அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பல்லியப் பாத்ததுக்கா அழுவுத, கிறுக்கி" என்று அவன் முதுகில் தட்டினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைத் திரும்ப வைக்கக் கடைக்கு வந்தாள். அண்ணாச்சி சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். தராசுத் தட்டிலிருந்து பைக்குள் கொட்டினார். பாதிச் சர்க்கரை பைக்கு வெளியே கொட்டி வாசலில் பரவியது. எதிரே நின்ற ஜஹாங்கீர் பாய் சிரித்தார்.

"க்யா அண்ணாச்சி, ரோடுக்குச் சாய் போடுறீங்களா?"

"காலைலருந்து லேசா கலங்கலா இருக்கு பாய். தூசி" என்று அண்ணாச்சியும் சிரித்தார். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துண்டால் ஒற்றினார். சகாயராணி பார்த்துவிட்டாள். சுருங்கியிருந்த வெள்ளை மறுபடி பரவியிருந்தது. அதைச் சுற்றி ரத்தச் சிவப்பு.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது. இரண்டு பாட்டில்களும் எதிரே இருந்தன. இப்போதே திரும்ப மாற்றிவிடலாம். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் தனசீலன் பல்லியைப் பார்த்திருக்கிறான். கதவைப் பிடித்த கை மரத்துப் போகும்வரை நின்றாள்.

"ஏ ராணி, ஃப்ரிட்ஜத் தெறந்து போட்டுட்டு என்ன யோசனை? பாலு திரிஞ்சிரும்" என்றாள் சங்கரேஸ்வரி.

மூடினாள். எதையும் மாற்றவில்லை.

இரண்டாவது செக்கப் வந்தது. பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்துப் புதியது வாங்க வேண்டும். ஐஸ் போட்ட டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் நம்பர் நினைவுக்கு வந்தது. ரப்பர் பேண்டைப் பார்த்துக் கொடுத்தால் பெயருக்கும் நம்பருக்கும் ஒத்துவராது. டப்பாவைத் திறந்து இரண்டு ரப்பர் பேண்டுகளையும் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

"எதுக்குட்டி கழத்துத?" என்றாள் பக்கத்திலிருந்த சங்கரேஸ்வரி.

"ஈரமா இருக்குக்கா."

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பெண் பாட்டிலைத் துடைத்து நம்பரைப் பார்த்தாள், அவரவர் பெயருக்கு நேரே பார்த்தாள், சரி என்று உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். செய்தது யாருக்கும் தெரியாது. இனி தெரியவும் வழியில்லை.

தனசீலனைப் பார்த்துவிட்டு டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவன் டீ குடிக்க வெளியே போனான். அடுத்து அண்ணாச்சி. தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய வெளிச்சக் கோட்டைக் கண்ணில் பாய்ச்சி, டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கதவோரம் நின்ற சகாயராணிக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு அசையாததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"போன தடவை இவ்வளவு நன்னா இருந்ததே. என்ன ஆச்சு? மருந்தை விட்டேளா? வேற ஏதாவது போட்டேளா?"

சங்கரேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டாள். "ஒரே ஒரு நாளு டாக்டர். தண்ணி வந்துட்டுன்னு ஓடிட்டேன். வர நேரமாயிட்டு. அன்னைக்கு ஒரு தடவை மருந்து தவறிட்டு. வேற எதுவுமே செய்யல. அன்னைக்குத்தான். நான்தான் அவிய கண்ணக் கெடுத்துட்டேன்."

"ஒரு தடவை விட்டா இப்படி ஆகாதும்மா. அழாதீங்கோ." டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். "இந்த மருந்து இவருக்குக் கேக்கறதை நிறுத்திடுத்துன்னுதான் எடுத்துக்கணும். ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடறேன். கருவிழி ஓட்டையாறதுக்குள்ள மாத்தி வைக்கணும். யாராவது தானம் பண்ணின கண் கிடைக்கணும். கிடைச்சாலும் பூஞ்சை திரும்ப வராதுன்னு..." முடிக்கவில்லை. "அட்மிஷன் போட்டுடுங்கோ. அப்புறம் அவரை இன்னொரு தடவை உள்ளே அழைச்சிண்டு வாங்கோ."

சங்கரேஸ்வரி அட்மிஷன் கவுண்டருக்கு ஓடினாள். அண்ணாச்சியும் சகாயராணியும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த மருந்து கேட்பதை நிறுத்தவில்லை, அது அவர் கண்ணுக்குப் போகவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதலில் கேட்ட மருந்தையே திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். கத்தி வைக்காமலே ஆறலாம். சொன்னால்? தனசீலனையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். போலீஸைக் கூப்பிடுவார்களோ என்னவோ. சங்கரேஸ்வரியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சந்தில் எப்படி நடப்பது? வாயைத் திறக்காமல் இரு, வாயைத் திறக்காமல் இரு என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் இருந்தாள்.

"தனசீலன்!" மருந்து கொடுக்கிற பெண் வந்து புதுப் பாட்டிலை அவள் கையில் வைத்தாள். "அதே நம்பர், அதே மருந்து. நல்லா கேக்குதுல்ல? விடாமப் போடுங்க."

பாட்டில் சில்லென்று இருந்தது. அதே நம்பர். அதே மருந்து. ட்யூப்லைட் எரிவது தெரியாமல் போன அதே மருந்து. இனி மாற்றிக்கொள்ள ஃப்ரிட்ஜில் இன்னொரு பாட்டில் இருக்காது.

சகாயராணி எழுந்தாள். எந்தக் கண்ணுக்காக எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"யாரு, சங்கரியா?" அண்ணாச்சி காற்றில் கையை நீட்டினார்.

"நான்தான், ராணி. உள்ள போவோம் அண்ணாச்சி."

"போவோம், போவோம். ஊசின்னா மட்டும் முன்கூட்டியே சொல்லிரு, என்ன?" அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தார். "என்னட்டி இது, ரப்பர் பேண்டு? எங்க கடைத் தொழிலு உன்னையும் ஒட்டிக்கிட்டா?"

அவள் கதவைத் தள்ளினாள். அவரை ஸ்டூலில் உட்கார வைத்தாள். டாக்டர் எழுதிக்கொண்டே, "நீங்க வெளியில இருக்கலாமே" என்றார்.

"டாக்டர்" என்றாள். மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டுகளை உருட்டிக் கழற்றினாள். தோலில் இரண்டு பள்ளம் பதிந்திருந்தது. புதுப் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் சிவப்பை வைத்தாள். பச்சையை வைத்தாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டர் அங்கேதான் இருக்கிறார் என்று நினைத்து, காலியான மூலையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.