அப்பாவுக்கு வேண்டியவர்கள்

நான்காவது மாடியிலும் வக்கீலம்மா இல்லை. பாதிக் கதவைத் திறந்து நின்ற பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "வக்கீலா? இந்த மாடியில யாரும் இல்லைங்களே. ஏதாவது கேஸா?" என்று கேட்டாள்.

"இல்லங்க. மூணாவது மாடியில எங்கப்பா காலைல தவறிட்டாரு. அந்த வக்கீலம்மா அவருக்கு ரொம்ப வேண்டியவங்க. ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு."

"அடடா," என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணாவது மாடியில யாருங்க?" என்றாள்.

மகளுக்குச் சுருக்கென்றது. ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி, நாலு வருடம். கையிலிருந்த காகித உறையைப் பார்த்தாள். அதன் பின்பக்கத்தில் காரில் வரும்போதே எழுதி வைத்திருந்தாள்: வக்கீலம்மா, பேக்கரிக்காரர், இரட்டைப் பிள்ளைக்காரி, தாடி டாக்டர். மேஜரை எழுதவில்லை. அவர் மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வண்டி நாலு மணிக்கு வரும். மணி மூன்று ஆகிவிட்டது. ஒற்றைப் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் நின்று அப்பாவை அனுப்பக் கூடாது, அவருடைய ஆட்கள் நாலு பேராவது வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். மற்ற காரியங்களையெல்லாம் கணவனிடம் விட்டுவிட்டு இந்த ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு கடினமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒருவர் பெயரும் அவர் வாயில் நின்றதில்லை. ஒருவர் கதையும் அவரைவிட்டுப் போனதில்லை. ஏழரை மணி பஸ் நர்ஸுக்குக் கல்யாணம் நின்றுபோனது, பூட்டுக்கடைக்காரர் மகன் மூன்றாவது தடவையாகப் பரீட்சை எழுதியது எல்லாம் அவரோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்து, சட்டையைக் கழற்றுவதற்குள் பாதி முடிந்துவிடும். "உங்களுக்கு டிக்கெட் கிழிக்க ஏது நேரம்?" என்று அம்மா கேட்பாள். அவருக்கு யாராக இருந்தாலும் தொழில்தான் பெயர். யாராவது செத்துப்போனால் 'இறங்கிட்டார்' என்பார். அம்மா போனபோதும் அப்படித்தான் சொன்னார், வேறு வார்த்தை அவருக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு தனியாக இங்கே இந்த ஒற்றைப் படுக்கையறை வீடு. ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். போனை இஸ்திரி மேஜையின் மூலையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். அப்பா பேசப் பேச, சட்டைகள் ஒவ்வொன்றாக முடியும். முதல் வருடம் ஒரு சட்டைகூட முடியாது. மாத்திரை போட்டேன், தூங்கினேன், வைக்கட்டுமா என்பார். அப்புறம் திடீரென்று ஒருநாள் அப்பா பழைய அப்பா ஆகிவிட்டார். வக்கீலம்மா வீட்டுக்காரரை விட்டுப் பிரிந்தது, தாடி டாக்டர் அவளையே சுற்றிச் சுற்றி வருவது, பேக்கரிக்காரரின் பெரிய பெண் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறிப்போனது என்று ஐந்து சட்டை, ஆறு சட்டை ஓடும். கடைசியில், "வீட்டுக்கு வீடு வாசப்படிம்மா" என்று முடிப்பார். அவளும் "ஆமாப்பா" என்று இஸ்திரிப் பெட்டியை அணைப்பாள். அப்பாவுக்கு ஆள் கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்தது அவளுக்கு. சும்மா சொல்லக் கூடாது, அந்த நிம்மதி நிஜமானது.

அந்த நிம்மதியில்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் அதைச் சொன்னாள். "பத்து நாள் அங்க வந்து இருந்துட்டுப் போகட்டுமாம்மா?" என்று அப்பா கேட்டார். வீட்டில் பெயின்ட் வேலை, அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஆள் குறைவு, தலைக்கு மேல் வேலை.

"இங்க வந்து நாலு சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்களாப்பா? அங்கதான் உங்களுக்கு அத்தனை பேர் இருக்காங்களே."

"அதுவும் சரிதான்," என்றார் அப்பா.

மூன்றாவது மாடிக்கு இறங்கியபோது எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது.

"நான் இப்பதாங்க வந்தேன். ரொம்பச் சங்கடமா இருக்கு. அவர் வீட்ல எப்பவும் கூட்டமா இருக்குமே, யாருமே பக்கத்துல இல்லாமப் போயிட்டாங்களா?"

மகள் நிமிர்ந்தாள். "கூட்டம் வருமா?"

"பேச்சுச் சத்தம் ஓயாதுங்க. சண்டை போடுவாங்க, அழுவாங்க, சிரிப்பாங்க. சொந்தக்காரங்க போலன்னு நாங்க தொந்தரவு பண்றதில்ல."

பார்த்தாயா என்று யாரிடமோ சொல்ல வேண்டும்போல இருந்தது அவளுக்கு. உறையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழே போய்க் காவலாளியிடம் நின்றாள். உள்ளே வரும் எவரும் அவரைத் தாண்டாமல் வர முடியாது.

காவலாளி பெயர்களை ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டார். "அப்படி யாரும் வந்ததில்லம்மா."

"எதிர்வீட்ல சொன்னாங்களே. தினமும் ஆளுங்க வருவாங்கன்னு."

"மூணாவது மாடி சாருக்கு மளிகைக்கடைப் பையன் வருவான், மருந்துக்கடைப் பையன் வருவான், மாசம் ஒருதடவ. வேற யாரும் கிடையாது. சார் வெளியில வந்தே நான் பாத்ததில்லம்மா. பால் பாக்கெட் எடுக்க கை மட்டும் வெளிய வரும். இன்னிக்குப் பாக்கெட் அப்படியே கெடக்கவும்தான் கதவத் தட்டினேன்."

அவள் படியேறி வந்தாள். கூடத்தில் கட்டிலில் அப்பா கழுத்துவரை வெள்ளைத் துணியோடு படுத்திருந்தார். எங்கேயும் போகாதவருக்கு யாரோ தலைசீவிவிட்டிருந்தார்கள். கணவன் டாக்டரின் இறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தான்.

"யாரும் கெடைக்கலையா?"

"கெடைக்கல. மனுஷங்களா இவங்க? அந்தப் பேக்கரிக்காரருக்காக அப்பா எவ்வளவு வருத்தப்பட்டாரு தெரியுமா? பெரிய பொண்ணு கப்பல் ஏறிப் போயிட்டா, பாவம் மனுஷன் சாப்பிடறதே இல்லன்னு..."

கணவன் சான்றிதழை மடிப்பதை நிறுத்தினான். "கடைய வித்துட்டு அவளத் தேடிக் கெளம்பினாரே, அவரா?"

"உங்களுக்குத் தெரியுமா அவர?"

"அது சீரியல்டி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் கட்டிலின் கால்மாட்டுக்கு எதிரே சுவரில் இருந்த டிவியைக் காட்டினான். "ஆபீஸ் வேலையா வந்து இங்க தங்கினேன்ல, அப்ப நான்தான் போட்டுக் குடுத்தேன். ஏழு சீசன். எனக்கு ஒரு வருஷம் ஆச்சு பாத்து முடிக்க. மாமா ஒம்பதே நாள்ல முடிச்சுட்டு, திரும்ப மொதல்லேர்ந்து போட்டுட்டேன் மாப்பிள்ளைன்னாரு. கண்ணு கெட்டுடும் மாமான்னேன். அவங்க காத்துக்கிட்டிருப்பாங்களேன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம்." அவன் அவளைப் பார்த்தான். "உனக்குத் தெரியாதா? வாராவாரம் நீதானே பேசுவ?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவன் பந்து விளையாடப் போய்விடுவான்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்பா பொய் சொன்னாரா என்று யோசித்தாள். இல்லை. 'நேத்து பூராவும் வக்கீலம்மாவப் பாத்துட்டே இருந்தேன்' என்றுதான் சொல்லியிருந்தார். 'அவங்கள விசாரிச்சேன்னு சொல்லுங்கப்பா' என்று அவள்தான் ஒருதடவை சொன்னாள். அப்போது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் 'ஹலோ, ஹலோ' என்றாள். 'சொல்றேம்மா' என்றார்.

அதற்குப் பிறகு மேஜர் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில், "மேஜர் இறங்கிட்டாரும்மா" என்றார் அப்பா. 'அடப்பாவமே' என்றாள். போன மாதமும் அப்பா அதையே சொன்னார். அதே மேஜர்தான். அதே ஆஸ்பத்திரி, அதே கடைசி வார்த்தை. அவள் ஒரு காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, அதே குரலில், 'அடப்பாவமே' என்றாள். அப்பா காத்திருந்தார். இப்போது அவளுக்கு அந்த இடைவெளி முழுசாகக் கேட்டது. ஒருத்தர் எப்படிப்பா ரெண்டு தடவ சாவார் என்று அவள் கேட்கவில்லை. "சரிம்மா, உனக்கு வேலை இருக்கும்" என்று அவரே வைத்துவிட்டார்.

தெரிந்துதான் வைத்தார். அவள் கேட்கவே இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகும், அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் ஆறு சட்டைக்குக் கதை சொன்னார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை, வாயைப் பொத்தியும் நிற்காமல் வந்தது. கணவன் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

அழுது ஓய்ந்ததும், "அதப் போடுங்க" என்றாள்.

"எத?"

"அப்பா பாத்தத."

அவன் தயங்கினான். கட்டிலைப் பார்த்தான். பிறகு தலையணை ஓரத்திலிருந்த ரிமோட்டை எடுத்து அழுத்தினான். அப்பா விட்ட இடத்திலிருந்து அது ஓடத் தொடங்கியது. சத்தம் அறையை நிறைத்தது. அவன் குறைக்கப் போனான், வேண்டாம் என்று அவள் தலையாட்டினாள். பழைய கடையொன்றின் முன்னால் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இவங்கதான் வக்கீலம்மாவா?"

"இல்ல. இது பேக்கரிக்காரரோட சின்னப் பொண்ணு. வக்கீலம்மா கடைசியிலதான் வருவாங்க."

வாசலில் செருமல் கேட்டது. வண்டிக்காரர். அறையில் ஓடும் டிவியைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "மணி நாலு ஆச்சுங்கம்மா. இன்னும் யாராச்சும் வரணுமா?"

"ஒருத்தங்க வரணும்," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். அவரும் திரையைப் பார்த்தார். சின்னப் பெண் இப்போது கடைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்று கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

கணவன் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். அவள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.