சும்மா இருக்கிறவர்கள் கணக்கு

அக்சிலியா வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறாள் என்று சேலம் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் காதுபடவே பேசினார்கள். சித்திரை வெயிலில் வெண்ணந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, குதிகால் வெடித்து, தெருநாய்களுக்குப் பயந்து ஓடி அவள் கொண்டுவந்த கணக்குக்கு இதுதான் மரியாதை.

அது பெண்களின் கணக்கு. எந்த வீட்டில் எந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள், எவ்வளவு நேரம் செய்கிறாள், அதில் அவள் பேச்சு எடுபடுமா என்றெல்லாம் கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். சென்னையிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் எடுத்து நடத்தும் வேலை. இங்கே சேருகிற கணக்கு டெல்லிக்குப் போகும், அங்கிருந்து கடல் தாண்டிப் போகும், கடைசியில் உலகப் பெண்களின் நிலை என்று யாரோ போடும் அறிக்கையில் ஒரு நம்பராக நிற்கும். பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது அக்சிலியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆப்பு வைத்திருந்தார்கள். அவள் எழுதியதைச் சரிபார்க்க அலுவலகத்திலிருந்து போன் போட்டார்கள். யாருக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்களுக்கு. பதிவில் இருந்தது அவர்கள் நம்பர்தான். உங்கள் மனைவி வேலை செய்கிறாரா என்று கேட்க, இல்லைங்க, ஊட்ல சும்மாதான் இருக்கறா என்று வீட்டுக்கு வீடு ஒரே பதில் வந்தது. தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றித் தோள்பட்டை இறங்கிப்போனவள் சும்மா இருந்தாள். விடியும் முன்னே மாட்டைக் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருகிறவள் சும்மா இருந்தாள். கடலைக்காட்டில் முதுகு காயக் குனிந்து களை எடுப்பவளும் சும்மாதான் இருந்தாளாம். ஆக, வேலை செய்கிறார்கள் என்று எழுதிய அக்சிலியா பொய்க்காரி.

மேற்பார்வையாளர் சந்தோஷ்குமார் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். பதிவுகளையெல்லாம் மாற்றி, தவறுதலாகப் பதிந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த சுற்றுக்கும் அவளையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். போடாவிட்டால் வேலை போவதோடு, பொய்க்கணக்கு எழுதியவள் என்ற பெயரும் நிற்கும். பிறகு இந்த மாதிரி வேலைக்கு எந்த நிறுவனமும் அவளைக் கூப்பிடாது.

"ஒரே ஒரு வீட்டுக்கு என்கூட வாங்க சார். நீங்களே பாருங்க" என்றாள்.

போனில் அடித்துச் சொன்ன ஆள் யார் என்று பார்த்து, கந்தப்பன் வீட்டையே அவர் தேர்ந்தெடுத்தார்.

கந்தப்பன் கோழிப்பண்ணைக்காரர். ரோட்டோரம் வீடு, பின்னால் வேப்பமரங்கள், அதற்கும் பின்னால் கம்பிவலை அடித்த நீளமான கொட்டகை. கொட்டகைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். கோழிக்கு நோய் தொற்றிவிடும் என்று எல்லாப் பண்ணையிலும் அப்படித்தான். அதனால் கணக்கு எடுக்க வருகிறவர்கள் யாரானாலும் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே வேலை செய்கிறவளை ஒருத்தரும் கண்டதில்லை. அக்சிலியா முன்பு வந்தது முட்டை பொறுக்கும் நேரம். அன்றைக்குக் கந்தப்பன் ஊரில் இல்லை. வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவர் மனைவி வள்ளியாத்தாளிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். அந்த அம்மா கை நிற்காமலேயே பதில் சொன்னாள்.

இப்போது கந்தப்பன் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பி நின்றார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. அன்னைக்கே போன்ல சொன்னனுங்களே. பண்ணையெல்லாம் நாந்தானுங்க பாக்கறன். எங்கூட்ல சும்மாதான் இருக்கறா. சோறாக்குவா, அவ்வளவுதானுங்க."

அக்சிலியாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணா, அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்றாள்.

"கொட்டாய்ல எங்கியாச்சும் நிப்பா."

"சும்மாவா?"

சந்தோஷ்குமார் அவளைக் கையமர்த்தினார். மறுசரிபார்ப்பு என்றால் வேலை செய்கிற ஆளை வேலை செய்கிற இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துப் போட வேண்டும். அது நிறுவனத்து விதி. "ஐயா, நீங்க கொட்டகைக்குள்ள தீவனத் தொட்டிகிட்ட நில்லுங்க. நான் வலைக்கு வெளிய நின்னு எடுத்துக்கறேன். முடிஞ்சுது வேலை" என்றார்.

அதற்கென்ன என்று கந்தப்பன் எழுந்தார். கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புதுச் செருப்பு நனைந்துவிடுமே என்று அவர் தொட்டியைத் தாண்டிக் காலை வைத்தார்.

உள்ளே கோடியில் நின்ற வள்ளியாத்தாள் பார்த்துவிட்டாள். "ஏனுங்க, உள்ள வராதீங்க. நேத்து பொழுதோட வேற பண்ணைக்குப் போயிட்டு வந்தீங்க. வெள்ளைச் சட்டை வேற. கோழி மெரளும்" என்று அங்கிருந்தே சொன்னாள்.

வெளியாட்கள் முன்னால் பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் திரும்புவதா? "உன் சோலியப் பாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்த் தீவனத் தொட்டியருகே நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

ஒரு கோழி கத்தியது. அடுத்த நிமிஷம் கொட்டகையே கத்தியது. கூண்டுகளுக்குள் கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கம்பியெல்லாம் அதிர்ந்தது. முட்டைகள் உருண்டு விழுந்து உடைந்தன. தூசியும் இறகும் பறந்து சந்தோஷ்குமாரின் கண்ணாடி வரைக்கும் வந்தன. கந்தப்பன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, போன வேகத்தில் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டையின் கோலத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

வள்ளியாத்தாள் ஓடவில்லை. தீவனப் பொடி அப்பிய பழைய சட்டையும் முண்டாசுமாக வரிசைக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தாள். தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். அவள் தாண்டிவந்த கூண்டுகள் ஒவ்வொன்றாக அடங்கின. அவள் வாசலுக்கு வந்தபோது கொட்டகையில் வழக்கமான சளசளப்புதான் இருந்தது.

"தெனமும் பாக்கற ஆளைத் தவிர வேற ஆரு போனாலும் இப்படித்தானுங்க" என்றாள் சந்தோஷ்குமாரிடம்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீங்க வீட்ல சும்மா இருக்கறதா ஐயா சொன்னாருங்க."

"அவரைக் கேட்டீங்க, அவரு சொன்னாரு. என்னை ஆரு கேட்டா? இந்தப் புள்ள ஒருத்திதான் கேட்டுது."

கந்தப்பன் சட்டையைத் தட்டிக்கொண்டே, "செரி உடுங்க, ஒத்தாசை பண்றான்னு போட்டுக்கங்க" என்றார்.

"ஒத்தாசையா?" வள்ளியாத்தாள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. "ஆடியில நாங் காச்சல்ல படுத்தப்ப எத்தனை கோழி செத்துதுன்னு கேளுங்க. ஒத்தாசைக்கு நிக்கறவ படுத்தா பண்ணை படுக்குமுங்களா?"

சந்தோஷ்குமார் அவளைப் படம் எடுத்தார். டேப்லெட்டில் தட்டி, பண்ணையை நடத்துபவர் வள்ளியாத்தாள் என்று பதிந்து, அக்சிலியாவிடம் காட்டினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க பேர் காப்பாத்தியாச்சு. நீங்க பொய் எழுதலைன்னு நானே ரிப்போர்ட் கொடுக்கறேன். இப்ப மத்த வீடுகளுக்கு மட்டும் மாத்திக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

கலங்கின கண் அப்படியே காய்ந்துபோயிற்று. "மத்த வீடுகளுக்கா?"

"அங்கெல்லாம் போன்ல சொன்னதுதாங்க கணக்கு. ஒவ்வொரு வீடா நான் இப்படி வர முடியுமா?"

"இந்த வீட்லயும் போன்ல சும்மான்னுதானே சார் சொன்னாங்க? அது பொய்யின்னு உங்க கண்ணால பாத்தீங்க. அதே வாய், அதே போன். மத்த வீட்ல மட்டும் எப்படி உண்மையாகும்?"

"அதுக்கு ஆதாரம் இல்லையே."

"அந்தப் பொம்பளைங்களுக்குச் சாட்சி சொல்லக் கோழி இல்லை சார். அதனால அவங்க சும்மா. அப்படித்தானே? வெளிநாட்டுல உக்காந்து இதைப் படிக்கறவன், இந்தச் சீமையில பொம்பளைங்க எல்லாம் காலை நீட்டி உக்காந்திருக்காங்கன்னு நினைச்சுக்குவான். அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

"போடலைன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம், அக்சிலியா. நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க போட்டாலும் போடாட்டியும் அது மாறத்தான் போகுது."

அது அவளுக்குத் தெரியும். அடுத்த மாதத்துக்கு என்ன செய்வது என்று யோசனை ஓடாமலும் இல்லை. இருந்தாலும் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "அப்ப என் பேரை எடுத்துட்டு மாத்திக்குங்க" என்றாள்.

வள்ளியாத்தாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, மத்த ஊட்டுப் பொம்பளைங்களை என்னன்னு எழுதப் போறீங்க?" என்று சந்தோஷ்குமாரைக் கேட்டாள்.

"வீட்டில் இருப்பவர்னுங்க. உங்களதுல ஒண்ணும் குழப்பமில்லைம்மா. அது சரியா ஏறிடுச்சு."

"அழிச்சுருங்க."

"எதைங்க?"

"என்ற பேரை. போட்டோவையும் சேத்து. நான் ஒருத்தி மட்டும் அதுல வேலை செய்யறவளா நின்னா, மத்தவளுக எல்லாம் சும்மா இருந்தாளுகன்னு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிருமுங்க."