அந்தோனியாரிடம் கேட்டு வாங்கிய உறை

"நாளைக்கு இங்க ஒரு பொட்டு அழுக்கைக் கண்டனெண்டா நான் மனுசியா இருக்க மாட்டன்!"

வியாழக்கிழமை பின்னேரம் இப்படிக் கத்தியது நான்தான். ஆகவே வெள்ளிக்கிழமை நடந்ததற்கு றேமண்டைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் சொன்னேன். அது என் குணம்.

தொழிற்சாலை என்று நான் பெருமையடிப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தகரக் களஞ்சியம். எப்பாவலவிலிருந்து வரும் பொஸ்பேற்றுக் கல்லை மாவாக்கி, சல்பூரிக் அமிலத்தோடு சூடாகக் கலக்கி, பொஸ்போரிக் அமிலம் எடுக்கிறோம். கலக்கும்போது ஜிப்சம் வெள்ளை வெளேரென்று பளிங்குகளாகப் படியும். அதை வடித்து ஒதுக்கினால் அமிலம் தெளிந்து கீழே இறங்கும்.

கல்லைக் கரைப்பது பெரிய வித்தையில்லை, வடிப்பதுதான் வித்தை. பளிங்குகள் பருமனாக இருந்தால் அமிலம் கடகடவென்று இறங்கும். ஊசி ஊசியாக மெலிந்துபோனால் வடிதுணியை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் விடாது. பருமனாக வளர அவற்றுக்கு ஒட்டிக்கொள்ளப் பழைய பளிங்கு வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் கலக்கும் தாங்கியின் அடியில் இரண்டு வாளி பழைய கலவையை விட்டுவைப்போம். தயிருக்கு உறை விடுகிற மாதிரித்தான். நாங்களும் அதை உறை என்றே சொல்வோம்.

களஞ்சியத்தின் சொந்தக்காரர் நிலாம் நானா. வாடகைக்கு இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தவர், கடைசியில் தவணை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் துறைமுகப் பக்கத்து வேலைத்தலத்திலிருந்து ஜீவராஜ் வருவார். கப்பல் இரும்பின் துருவை எடுக்க அவருக்கு அமிலம் வேண்டும். இருபது லீற்றர் தெளிவாகக் கொடுத்து, அவர் சரியென்றால் வேலை தொடரும். இல்லாவிட்டால் களஞ்சியம் புறக்கோட்டையில் மாபிள் கல் விற்கும் முதலாளிக்கு. "எங்கட கல்லில இருந்து நாங்களே எடுக்கலாம்" என்று வெள்ளவத்தையில் கலியாண வீடு, செத்த வீடு பாராமல் பேசித் திரிந்தவள் நான். மாபிளுக்கு இடம்விட்டால் காலி வீதியில் எந்த முகத்தோடு நடப்பது?

காலை ஏழு மணிக்கு வந்தேன். தாங்கி பளபளத்தது.

"மிஸ், முகம் பாக்கலாம்," என்றார் றேமண்ட். எங்கள் இயந்திரம் எல்லாவற்றையும் ஓட்டுபவர் அவர்தான். அன்று அந்தோனியார் திருநாள். திருநாளென்றால் கொட்டாஞ்சேனையில் கதவு, யன்னல், வாசலில் கழிவுநீர் ஓடும் கான் வரைக்கும் உரஞ்சிக் கழுவுவார்கள். வீட்டைக் கழுவிய கையோடு விடிய வந்து தாங்கியையும் கழுவியிருக்கிறார். நானும் குனிந்து என் முகத்தைப் பார்த்தேன். "வடிவாக் கழுவியிருக்கிறியள் அண்ணை," என்று பாராட்டவும் செய்தேன்.

பத்து மணிக்கு வடிகட்டி முனகியது. துணியின்மேல் வெள்ளைச் சேறு அசையாமல் கிடந்தது. கீழே போத்தல் காய்ந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது.

"அண்ணை, உறை எங்க?"

றேமண்டின் முகம் வெளுத்துப்போனது. "கானுக்குள்ள, மிஸ்."

கத்தினேன். பிறகு, கழுவச் சொன்னது யார் என்பது நினைவுக்கு வந்து இன்னும் பலமாகக் கத்தினேன். பழைய ஜிப்சம் முழுவதும் திங்கட்கிழமையே லொறியில் போய்விட்டது. கல் மா இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, சும்மா சொல்லக்கூடாது.

றேமண்ட் பிடரியைச் சொறிந்தார். "மிஸ், கோவிக்கக்கூடாது."

"கோவிக்க இனி என்ன மிச்சம் இருக்கு?"

"அந்த ஜிப்சத்தில ஒரு வாளி வீட்ட கொண்டுபோனனான். நல்லாக் கழுவி, சுண்ணாம்பு போட்டு, காயவச்சு... ஒழுங்கை முகப்பில சுவாமிக்குக் கூடு கட்டியிருக்கிறம். காலடியில பரப்ப வெள்ளையா ஒண்டு தேவைப்பட்டது."

கேளாமல் எடுத்ததற்கு வேறொரு நாளென்றால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ஒழுங்கை முகப்பில் அந்தோனியார் சுருவத்துக்குப் பூமாலை போட்டிருந்தது. அதன் காலடியில் என் ஜிப்சம் வெள்ளையாக, பெருமையாகக் கிடந்தது. பக்கத்தில் கதிரை போட்டு றேமண்டின் மனைவி ஐறீன் காவல் இருந்தாள். நான் குனிந்து கை வைத்ததும் எழும்பினாள்.

"சுவாமிட காலடியைத் தோண்டுறதோ? ஆறு மணிக்குப் பவனி இந்தப் பக்கத்தால வருது. விளையாடுறீங்களா?"

"அக்கா, ஒரு சாமான் காணாமப் போச்சு," என்றேன். "அதால வேலையே நிண்டுபோச்சு. இங்கதான் இருக்கு."

ஐறீன் என்னைப் பார்த்தாள், சுருவத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"காணாமப் போனதைத் தேடித்தான் ஊர்ச்சனமெல்லாம் இவரிட்ட வாறது," என்றாள் கடைசியில். "நான் ஆர் இல்லையெண்டு சொல்ல? ஆனா ஆறு மணிக்கு முன்னம் இதே மாதிரி வெள்ளையா இந்த இடத்தில இருக்கோணும். இல்லாட்டி இந்த மனுசன் இண்டைக்கு வீட்டுப் படி ஏறமாட்டார்."

சிலுவை அடையாளம் போட்டுவிட்டு அவளே வாளியில் அள்ளித் தந்தாள். அடியில் கொஞ்சத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு மறுபடி தொடங்கினோம். அந்தோனியாரின் உறையை முதலில் போட்டு, கல் மாவையும் அமிலத்தையும் சிறுகச் சிறுகச் சேர்த்தோம். சூடு எண்பது பாகைக்கு மேலே போகவிடாமல் றேமண்ட் மானியை முறைத்துக்கொண்டே நின்றார். ஜும்ஆத் தொழுகை முடிந்து வெள்ளை ஜுப்பாவோடு வந்த நிலாம் நானா கதையை முழுக்கக் கேட்டார்.

"கேட்டுத்தானே எடுத்தீங்க?"

"ஓம் நானா."

"அப்ப சரி. இன்ஷா அல்லாஹ் வடியும்." அவரும் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்றேகாலுக்கு வடிகட்டியைத் திறந்தோம். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு நூலாக இறங்கி, சிரட்டையால் ஊற்றுகிற மாதிரிக் கொட்டத் தொடங்கியது. நிறம் வெளிறிய பச்சை. ஒரு சின்னப் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் என் விரல் ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன. நான் கூச்சல் போட்டதில் கூரைப் புறாக்கள் பறந்தன. என் கூச்சல்களுக்குள் அன்றைக்குத்தான் ஒரு நல்ல கூச்சல்.

நாலு மணிக்கு ஜீவராஜ் வந்தபோது இருபது லீற்றரும் நிறைந்திருந்தது. அவர் பேச்சுக் குறைந்த மனிதர். பையிலிருந்து துருப்பிடித்த பெரிய கொளுக்கி ஒன்றை எடுத்தார். ஒரு வாளியில் எங்கள் அமிலத்தை ஊற்றித் தண்ணீர் கலந்து, அதற்குள் போட்டார். பிளேன்ரீ குடித்தார். இன்னொன்றும் குடித்தார். எங்கள் மூவரின் பிளேன்ரீயும் ஆறிக் கிடந்தது. அரை மணி நேரம் கழித்து இடுக்கியால் தூக்கித் துணியால் துடைத்தார். செம்மண் நிறம் கழன்று, சாம்பல் நிறத்தில் இரும்பு வெளியே வந்தது.

"மாசம் எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டார்.

சந்தோஷத்தில் நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். நிலாம் நானாதான் பதில் சொன்னார்.

ஐந்தேகாலுக்கு ஓட்டம் தொடங்கியது. புதிய ஜிப்சத்தை ஏழு தண்ணீரில் கழுவி, சுண்ணாம்பு போட்டு, அமிலம் போய்விட்டதா என்று பாசிச்சாயத் தாளில் பார்த்து, மூன்று வாளிகளில் நிரப்பினோம். றேமண்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதை ஜுப்பாவின் கையை மடித்துவிட்டு நிலாம் நானா தூக்கினார். ஒழுங்கைச் சனம் வாயைப் பிளந்து பார்த்தது.

ஐறீன் ஒரு பிடி எடுத்து விரலால் உரசிப் பார்த்தாள். "ஈரம். ஆனா முந்தினதை விட வெள்ளை," என்று தீர்ப்புச் சொன்னாள். நான்கு பேரும் முழங்காலில் இருந்து பரப்பினோம். தூரத்தில் பவனியின் பாண்ட் வாத்தியச் சத்தம் கேட்டது. ஐறீன் வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு ஜாம் போத்தலோடு வந்தாள். காலையில் ஒதுக்கிய பழைய ஜிப்சம் அதில் நிரம்பியிருந்தது.

"இது என்ட அலுமாரியில இருக்கும். உங்கள் ரெண்டு பேரையும் நம்ப ஏலாது."

அப்போது நிலாம் நானாவின் போன் அடித்தது. மாபிள் முதலாளி. வெள்ளைக் கையாலேயே அதைக் காதில் வைத்தார்.

"இல்ல மொதலாளி, இடமில்ல," என்றார். "உள்ள உறை போட்டு வச்சிருக்கு. இனி அசைக்க ஏலா."