மதிவாணன் அம்மாவுக்கு எழுத வேண்டியது

மன்னார்குடியில் அந்த மாடி அறையில் மூன்று பேர் இருந்தோம். மனநல ஆலோசகர் அனுராதா ஜன்னலோரம், நாற்காலியைச் சற்றே பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே நான், சித்தீக். கதவருகே என் மனைவி ஹாஃபிஸா. முதல் முறை வந்தபோது, கண்ணை அசைக்கவைத்துச் செய்யும் சிகிச்சை என்றதைக் கண் சோதனை என்று நினைத்து, என் பழைய கண்ணாடிச் சீட்டையெல்லாம் எடுத்து வந்தவள் அவள்.

விஷயம் புரிந்ததும், "கண்ணுல கோளாறு இல்ல மேடம், பார்த்ததுலதான்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

பார்த்தது இதுதான். ஷார்ஜாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து மதிவாணன் விழுந்தான். அவன் திருக்காட்டுப்பள்ளி, மேற்கே காவேரித் தண்ணீர் முதலில் வரும் பக்கம். நான் கீழ்வேளூர், காவேரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. ஒரே அறையில் தங்கியிருந்தோம். ஊர் திரும்பிய பிறகும் கண்ணை மூடினால் அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் கீழே போய்க்கொண்டிருக்கும். அவன் அம்மா மங்களாம்பிகை போன் செய்யும்போதெல்லாம் ஒன்றையே கேட்பார்: "கடைசியா என்னப்பா பேசினான்?" ஹெல்மெட் விழுந்ததற்கு முன்னால் நடந்தது எதுவுமே எனக்கு நினைவில்லை. போனை ஹாஃபிஸாவிடம் கொடுத்துவிடுவேன்.

"அந்த ஹெல்மெட் படம் போயிட்டா அவனும் போயிடுவானா மேடம்?" என்று அனுராதாவைக் கேட்டேன்.

"எதையும் அழிக்கப் போறதில்லைங்க. நடந்தது நடந்ததாவே இருக்கும். இப்பவும் நடந்துகிட்டிருக்கிற மாதிரி இருக்கே, அதுதான் குறையும். முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடலாம்."

அந்தப் படத்தை நினைத்ததும் வலது கை மரத்தது. அவர் இரண்டு விரல்களை என் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக நகர்த்தினார். தலை அசையாமல் கண்கள் மட்டும் பின்தொடர்ந்தன.

"என்ன வருது?"

"ஹெல்மெட்."

"சரி, அதோடயே போங்க."

மறுபடி விரல்கள். பஸ் ஜன்னலில் வயல் ஓடுவதுபோல ஏதோ ஓடத் தொடங்கியது. ஹெல்மெட் சிறுத்து, தூரத்து வரப்பில் யாரோ நடப்பதுபோல ஆனது. எங்கும் பச்சை. பிறகு வெயில், வெயிலுக்குள் சிமெண்ட் வாசனை. நாற்காலியிலும் இருந்தேன், அந்த உயரத்திலும் இருந்தேன். மதிவாணன் பலகையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சா மாப்ள?"

"இன்னும் வரலடா."

"எப்படி வரும்? எங்கம்மா இன்னும் குளிச்சு முடிக்கலயே. அவங்க கரையேறினாத்தான் உங்க ஊருக்குக் காவேரி."

நான் சிரித்துவிட்டேன், அந்த அறையில், சத்தமாக. கூடவே அழுகையும் வந்தது. ஹாஃபிஸா பதறி எழுந்தாள், அனுராதா கையமர்த்தினார்.

"விழுந்துட்டான் மேடம்" என்றேன். "அதுக்கு முன்னாடி கிண்டல் பண்ணிகிட்டிருந்தான்."

வலது கை இப்போது மரத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் ஒரு தரம்தான் கேட்க முடியும். இது அந்த அம்மாவின் கையில் இருக்க வேண்டும். ஆனால் அந்த வரியில் பேனா நின்றது.

"அவங்க குளிக்கிறதைப் போய்ச் சொல்றதா? கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"திட்டத்தான் செய்வாங்க" என்றாள் ஹாஃபிஸா. "மகனைத் திட்டி எத்தனை நாளாச்சோ, பாவம். எழுதுங்க."

அவன் சொன்னபடியே எழுதினேன். ஓரத்தைப் பசை தடவி ஒட்டி, மறுநாள் காலை கீழ்வேளூர் தபால் நிலையத்தில் கொடுத்தேன். அங்கிருந்தவர் முத்திரை குத்தி, மேற்கே போகும் பையில் போட்டார்.