அரக்கு அடைத்த பல்

என் வீட்டுக்காரருக்கு நகை என்றால் உயிர். அடுத்தவர் நகைதான். எங்கள் நகைப் பட்டறைக்கு வரும் பழைய அட்டிகையைப் பூந்திக்கொட்டை நுரையில் போட்டு, பிரஷால் இண்டு இடுக்கு விடாமல் தேய்ப்பார். தன் பல்லுக்கு மட்டும் காலையில் ஒரு விரல், ஒரு கொப்புளிப்பு. வேலைக்கு உட்கார்ந்தால் கன்னத்தில் ஒரு கருப்பட்டித் துண்டு ஒதுங்கியே இருக்கும்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவர் கடைவாய்ப் பல்லில் குழி விழுந்தது. உள்கூடான நகைக்குள் அடைப்பதுபோல, அரக்கை இளக்கித் தானே பல்லில் அடைத்துக்கொண்டார். "பாத்தியா சொர்ணம், டாக்டர் எதுக்கு?" என்று பெருமை வேறு. பத்தே நாளில் கன்னம் பணியாரமாக உப்பிவிட்டது.

அதுவும் எந்த நேரத்தில்? வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், கோட்டையூர் மீனம்மாள் அக்கா மகனின் கல்யாணத்துக்குத் தாலிப்பொன் உருக்க வேண்டும். நெருப்பை ஊத ஊதுகுழலை வாயில் வைத்தாலே மனுஷர் துள்ளினார். நல்ல நேரம் தப்பினால் இனி யார் எங்களிடம் தாலி செய்யக் கொடுப்பார்கள்? எனக்குப் பயம் வந்துவிட்டது. வியாழக்கிழமையே காரைக்குடிப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அரக்கு, கருப்பட்டி எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன்.

"அழுக்க உள்ள வச்சு மூடியிருக்கீக. வேரு வரைக்கும் அரிச்சிருச்சு. பிடுங்கத்தான் வேணும்" என்றார் டாக்டர்.

"பூச்சியா டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

"பூச்சியும் இல்ல, புழுவும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமி. நீங்க ஒதுக்குற இனிப்ப அமிலமா மாத்திரும். ஒங்க பட்டறைத் திராவகம் செம்பக் கரைக்குமில்ல? அது மாதிரி பல்லக் கரைக்கும். தின்னா வாயக் கொப்புளிங்க. ராத்திரியும் பல்லு வெளக்குங்க."

திராவகம் என்றதும்தான் இவருக்கு உறைத்தது.

"அழுக்கெடுக்காம அரக்கு வச்சா மத்தவகளத் திட்டுவீகளே, ஒங்க வாயில நீகளே வச்சீகளாக்கும்?" என்றேன். பல் போன இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு முறைத்தார். ஒரு வாரத்துக்கு ஊதக் கூடாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் மீனம்மாள் அக்கா பொன்னோடு வந்தார். "என்ன ஆண்டியப்பா, ஊதாம உக்காந்திருக்க?"

இவர் குழலை என்னிடம் நீட்டினார். சில்லறை வேலைக்கு நான் ஊதியதுண்டு. ஆள் முன்னால் ஊதியதில்லை. நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதினேன். மூச்சு வாங்க வாயைத் திறந்ததும் காற்றுப் பட்டு என் கீழ்ப்பல் ஒன்று சுரீர் என்றது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். கண்ணில் நீர் முட்ட முட்ட ஊதினேன். பொன் உருகித் திரண்டபோது மணி ஒன்பதே முக்கால்.

அக்கா போனதும், இவர் நகை பார்க்கும் கண்ணாடியோடு வந்தார்.

"வாயத் தெற."

"எதுக்கு?"

"தெறடி."

பார்த்தார். "கறுப்புப் புள்ளி. கருப்பட்டிப் பானை சீக்கிரமே காலியாகுதேன்னு நான் என்னையத்தான சந்தேகப்பட்டேன்!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சின்னக் குழிதான். சுத்தம் பண்ணி அடைச்சா பல்லு தப்பிச்சிரும்" என்று கன்னத்தைத் தொட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "அரக்கு இருக்கு. வச்சு விடவா?"

அவர் சிரித்து முடிப்பதற்குள் சேலை மாற்றிக்கொண்டு காரைக்குடி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.